லெப்டின் மாத்திரைக்குக் காசு கொடுக்காதீர்கள்

கேள்வி: எனக்கு வயது 42, எடை 91 கிலோ. முழு உடல் பரிசோதனையில், உடம்பில் அழற்சி இருப்பதைக் காட்டும் சிஆர்பி 6, லெப்டின் என்ற பசி ஹார்மோனும் அதிகம். அந்த ஹார்மோன் கெட்டதால்தான் உடம்பில் அழற்சி என்று லேப் அனுப்பிய டயட் ஆலோசகர் சொல்கிறார்; மூன்று மாதம் லெப்டின் மாத்திரை சாப்பிடச் சொல்கிறார். வாங்கலாமா?

பதில்: வேண்டாம். உங்களுக்கு லெப்டின் ஏற்கெனவே அதிகம், அப்புறம் எதற்கு மாத்திரை? அந்த ஆலோசகரிடம் இதைக் கேட்டுப் பாருங்கள்.

லெப்டினைக் கொழுப்புச் செல்கள்தான் சுரக்கின்றன. கொழுப்பு கூடினால் அதுவும் கூடும். ‘கையிருப்பு போதும்’ என்று மூளைக்குச் சொல்வது அதன் வேலை. உடல் பருத்தவர்களுக்கு மூளை அதைக் காதில் வாங்குவதில்லை, பசி அடங்காது. நோய் எதிர்ப்புச் செல்களோ நன்றாகவே கேட்கின்றன. லெப்டின் உசுப்பிவிட, அவை ஐஎல்-6 போன்ற அழற்சிப் பொருள்களைச் சுரக்கும். அதன் பேரில் கல்லீரல் சிஆர்பியைத் தயாரிக்கும். அழற்சியைத் தணிக்கும் அடிப்போனெக்டின் என்ற ஹார்மோனோ எடை ஏற ஏறக் குறைந்துவிடும். ஆக, உங்கள் எடைக்கு லெப்டின் அதிகம் என்பது காசு கொடுத்துத் தெரிந்துகொள்ள வேண்டிய சேதியே இல்லை.

லெப்டின் ஒரு புரதம். வாய்வழியே போனால் வயிற்றில் சுண்டலுக்கு என்ன கதியோ அதே கதிதான். டப்பாவில் உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் எஃப்எஸ்எஸ்ஏஐ எண் இருக்கிறதே என்பார்கள். அது உணவுப் பொருளுக்கான எண், மருந்துக்கானது அல்ல.

லெப்டின் கொடுத்துக் குணமானவர்களின் படத்தைக் காட்டுவார்கள். உண்மைதான். பிறவியிலேயே லெப்டின் சுரக்காத குழந்தைகள் மிக அபூர்வமாக உண்டு. 1997-ல் பிரிட்டனில் ஒரே குடும்பத்துக் குழந்தைகள் இருவரிடம் இதைக் கண்டறிந்தார்கள். பிறக்கும்போது எடை சாதாரணம்தான். சில மாதங்களிலேயே அடங்காத பசி, மளமளவென்று எடை. ரத்தத்தில் லெப்டின் இல்லாத குறை. அவர்களுக்கும் கொடுப்பது ஊசிதான், மாத்திரை இல்லை. 42 வயதில் லெப்டின் அதிகமாக இருக்கும் உங்களுக்கும் அதற்கும் சம்பந்தமே கிடையாது.

சளி, பல் ஈறு வீக்கம் இருந்தாலும் சிஆர்பி ஏறும். உடம்பு நன்றாக இருக்கும்போது, இரண்டு வாரம் கழித்து மறுபடி பாருங்கள். எச்பிஏ1சி (மூன்று மாதச் சராசரி சர்க்கரை), கொலஸ்ட்ரால், கல்லீரல் பரிசோதனை அவசியம். எடையில் 5 முதல் 10 சதவீதம் குறைந்தாலே சிஆர்பி பெரும்பாலும் இறங்கும். தூக்கத்தைக் குறைக்காதீர்கள், குறைந்தால் பசி கூடும். எடையைக் குறைக்கும் செமாகுளுடைடு ஊசி பொருந்துமா என்பதை டாக்டர் சொல்லட்டும், அந்த டயட் ஆலோசகர் அல்ல.

அட்வான்ஸ் கொடுத்துவிட்டீர்கள் என்றால், முதலில் பில் கேளுங்கள்.