கலியாண வீட்டு டிவிடிகளைக் காப்பாற்ற எந்த மென்பொருள்?

கேள்வி: திருகோணமலை உப்புவெளியில் இருக்கிறோம். அலுமாரியில் நூற்றைம்பது டிவிடி வரை சேர்ந்துவிட்டது. மகளின் சாமத்திய வீடு, மகனின் கலியாணம், அம்மாவின் அந்தியேட்டி, கனடாவிலிருந்து தம்பி குடும்பம் அனுப்பியவை, கடையில் வாங்கிய படங்கள் எல்லாம் கலந்து கிடக்கின்றன. சில இப்போது சிக்கிச் சிக்கி ஓடுகின்றன. எல்லாவற்றையும் ஹார்ட் டிஸ்க்கில் ஏற்றி வைக்க ஆசை. இணையத்தில் தேடினால் ஐம்பது டொலர் மென்பொருள் விளம்பரங்கள்தான் வருகின்றன. எதை வாங்கலாம்?

பதில்: இப்போதைக்கு எதையும் வாங்க வேண்டாம். அந்த விளம்பரங்கள் இரண்டு வேலைகளை ஒன்றாகக் கட்டி விற்கின்றன. வட்டில் இருப்பதை இருந்தபடியே பிரதி எடுப்பது ஒரு வேலை. போனிலும் டிவியிலும் பார்க்க வசதியாகச் சுருக்கி மாற்றுவது இன்னொரு வேலை. முதலாவதை இந்த வருடமே செய்ய வேண்டும், ஏனென்றால் வட்டு காத்திருக்காது. இரண்டாவதைப் பத்து வருடம் கழித்தும் செய்யலாம். இரண்டையும் ஒரே சொடுக்கில் முடிக்கும் மென்பொருளில், சுருக்கிய படம் மட்டும்தான் பெரும்பாலும் கையில் மிஞ்சும். கட்டணம் கட்டாமல் ஓட்டிப் பார்த்தால் படத்தின் நடுவே நிறுவனப் பெயரை அடித்துவிடுபவையும், சில நிமிடங்களோடு நிறுத்திவிடுபவையும் ஏராளம்.

முதலில் வட்டுகளைப் பிரியுங்கள். ஸ்டூடியோக்காரர் எரித்துத் தந்தவை ஒரு பக்கம், கடையில் வாங்கிய படங்கள் ஒரு பக்கம். வேலை தொடங்க வேண்டியது ஸ்டூடியோ வட்டுகளிலிருந்து. படம் தொலைந்தால் வேறெங்காவது கிடைக்கும், மகளின் சாமத்திய வீடு கிடைக்காது. அதோடு எரித்த வட்டில் பதிவு நிற்பது ஒரு சாயப் படலத்தில். வெயிலும் வெக்கையும் அதை மெல்ல மங்க வைக்கும். தொழிற்சாலையில் அழுத்திச் செய்த கடை வட்டில் அந்தச் சாயமே கிடையாது. டிவிடி என்பது 0.6 மில்லிமீற்றர் தடிப்பான இரண்டு தகடுகளை ஒட்டிச் செய்தது. ஒட்டு விட்ட ஓரத்தால் ஈரம் உள்ளே போனால் பளபளப்புப் படலம் கறுக்கத் தொடங்கும். கடற்கரையை ஒட்டிய வீட்டில், ஐப்பசி முதல் தை வரை மழை ஊற்றும் ஊரில் இது என்ன வேகத்தில் நடக்கும் என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை.

ஸ்டூடியோ வட்டுகளில் பிரதி எடுப்பதைத் தடுக்கும் பூட்டு இருக்காது. ஆகவே விண்டோஸில் இம்ஜ்பேர்ன் என்ற மென்பொருள் போதும். இலவசம். கடைசிப் பதிப்பு 2.5.8.0, 2013இல் வந்தது. பழையது என்று பயப்படாதீர்கள், விண்டோஸ் 10, 11 இரண்டிலும் ஓடுகிறது. இறக்கும்போது மட்டும் கவனம் வேண்டும். பக்கத்தில் பெரிதாக மின்னும் பச்சைப் பொத்தான் அநேகமாக விளம்பரமாகவே இருக்கும், நிறுவும்போது வேறு ஏதாவது மென்பொருளையும் சேர்த்துப் போடவா என்று கேட்டால் மறுத்துவிடுங்கள். திறந்ததும் வட்டிலிருந்து இமேஜ் கோப்பு உருவாக்கும் தெரிவை எடுத்து, வேகத்தை நான்கு மடங்குக்குக் குறைத்து விடுங்கள். நிறைந்த 4.7 ஜிபி வட்டு ஒன்றுக்கு ஏறக்குறைய கால் மணி நேரம் போகும். கிடைப்பது ஒரே ஐஎஸ்ஓ கோப்பு. மணமக்கள் படம் போட்ட மெனுவும் பாட்டும் அத்தியாயங்களும் அப்படியே அதற்குள் இருக்கும். விஎல்சி பிளேயரில் நேரே திறந்து பார்க்கலாம்.

வீடியோ கோப்புறையை இழுத்து ஹார்ட் டிஸ்க்கில் போட்டாலும் ஓடுமே என்று யாராவது சொல்வார்கள். ஓடும்தான். ஆனால் ஒரு கலியாணம், 1 ஜிபிக்கு உட்பட்ட பல துண்டுகளாக ஒரே மாதிரிப் பெயர்களோடு வந்து குவியும். நூற்றைம்பது வட்டுக்கு அப்படிச் செய்துவிட்டு எது எந்தக் கலியாணம் என்று தேடிப் பாருங்கள், தெரியும். ஐஎஸ்ஓ என்றால் வருடம், நிகழ்வு, வட்டு எண் என்று ஒரே பெயரில் முடிந்துவிடும்.

2000களின் தொடக்கத்து வட்டுகள் சில, பார்வைக்கு டிவிடி போலிருந்தாலும் விசிடியாக இருக்கும். உள்ளே டிஏடி என்று முடியும் கோப்புகள் தெரிந்தால் அதுதான். அவற்றின் அமைப்பு வேறு என்பதால் இம்ஜ்பேர்ன் ஐஎஸ்ஓ தராமல் பின் (BIN), கியூ (CUE) என இரண்டு கோப்புகளைத் தரும். பிழை என்று நினைத்து நிறுத்த வேண்டாம். இரண்டையும் பிரிக்காமல் வைத்திருங்கள்.

தம்பியின் கனடா வட்டுகள் என்டிஎஸ்சி என்ற தொலைக்காட்சி முறையில் இருக்கலாம். நம்முடையது பால் (PAL) முறை. கொம்பியூட்டருக்கு இந்த வேறுபாடு பொருட்டே இல்லை. ஆனால் அங்கே கடையில் வாங்கிய படம் ஏதாவது கலந்திருந்தால், டிரைவின் பிராந்திய எண்ணை மாற்றவா என்று விண்டோஸ் கேட்கக்கூடும். அவசரப்பட்டு ஓம் என்று அமர்த்தாதீர்கள். வட அமெரிக்கா 1, நாங்கள் 5. ஒரு டிரைவில் ஐந்து முறைதான் மாற்றலாம், கடைசியாக எதில் நின்றதோ அதிலேயே உறைந்துவிடும். வீட்டு விசேஷ வட்டுகளுக்குப் பொதுவாகப் பிராந்தியத் தடை இருக்காது.

கடையில் வாங்கிய படங்களுக்கு மேக்எம்கேவி என்ற மென்பொருள். முறையாக வெளியான டிவிடிகள் பெரும்பாலும் சிஎஸ்எஸ் என்ற பூட்டோடு வரும். இம்ஜ்பேர்னும், சுருக்கி மாற்றும் ஹேண்ட்பிரேக் என்ற மென்பொருளும் தாமாக அதைத் திறக்காது, மேக்எம்கேவி திறக்கும். டிவிடிக்கு அது இலவசம், தரம் துளியும் குறையாது, ஆனால் மெனு போய்விடும். அமைப்புக்குள் போய்க் குறைந்தபட்ச நீளம் என்ற எண்ணையும் பாருங்கள். 120 வினாடிக்குக் குறைந்த துண்டுகளை அது தானாகவே விட்டுவிடும், சிறு துண்டுகள் வேண்டுமென்றால் எண்ணைக் குறையுங்கள். 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் பூட்டை உடைக்கும் கருவிகளையும் கணக்கில் எடுத்திருக்கிறது, ஆகவே படங்கள் உங்கள் வீட்டுக்குள்ளேயே நிற்கட்டும். அயலுக்குக் கொப்பி போட்டுக் கொடுக்க வேண்டாம். (நம்மூர்க் கடைகளில் அந்தக் காலம் விற்றவற்றில் பாதிக்கு மேல் பூட்டே இல்லாத கொப்பிகள். அது வேறு கதை.)

சிக்கிச் சிக்கி ஓடும் வட்டுகளை முதலில் கழுவுங்கள். சாதாரணத் தண்ணீர், ஒரு துளி பாத்திரம் கழுவும் திரவம், மெல்லிய பருத்தித் துணி. நடுவிலிருந்து ஓரம் நோக்கி நேராகத் துடைக்க வேண்டும், வட்டமாகத் தேய்த்தால் கீறல் தடத்தோடு சேர்ந்து ஓடி நிலைமை மோசமாகும். அப்புறம் வேறொரு டிரைவில் போட்டுப் பாருங்கள். ஒரு டிரைவ் கைவிட்டதை இன்னொன்று வாசிப்பது சாதாரணம். பழைய மேசைக் கணினி யாரிடமாவது இருந்தால் கேட்டு வாங்குங்கள்.

அதற்கும் மசியாதவைக்கு லினக்ஸ் என்ற இயங்குதளத்தில் ஓடும் டிடிரெஸ்கியூ என்ற இலவச மென்பொருள் இருக்கிறது. நான் மிகவும் நம்புவது இதைத்தான். முதல் சுற்றில் நல்ல பகுதிகளை அள்ளிக்கொண்டு, வாசிக்க முடியாத இடங்களை ஒரு குறிப்புக் கோப்பில் எழுதி வைக்கும். நாளை வேறொரு டிரைவில் அதே வட்டைப் போட்டால் விடுபட்ட இடங்களை மட்டும் போய்ப் பார்த்து நிரப்பும். கறுப்புத் திரையில் கட்டளை அடிக்க வேண்டும் என்பதுதான் ஒரே சங்கடம். பொறுமையான மருமகன் ஒருவர் இருந்தால் பத்து வட்டுக்கு ஒரு சனிக்கிழமை போதும்.

பிரதிகள் சேர்ந்த பிறகு, போனுக்கு அனுப்ப ஹேண்ட்பிரேக்கை எடுங்கள். ஐஎஸ்ஓவை அப்படியே கொடுக்கலாம், வட்டை மறுபடி போடத் தேவையில்லை. தெரிவுகளில் எம்பி4, எச்.264, தர எண் 18 முதல் 20 வரை என்று வையுங்கள். ஸ்டூடியோ வீடியோக்களில் பெரும்பாலானவை வரி விட்டு வரி பதிவானவை. டீஇன்டர்லேஸ் தெரிவைப் போடாவிட்டால் யாராவது கையசைக்கும் இடமெல்லாம் சீப்புப் பல் போலக் கோடு தெரியும். 720க்கு 576 படத்தை எச்டிக்குப் பெரிதாக்கச் சொல்லாதீர்கள், கோப்புத்தான் கொழுக்கும்.

நூற்றைம்பது வட்டும் 4.7 ஜிபி வரை நிறைந்தவை என்றாலும் சுமார் 705 ஜிபிதான். 1 டிபி ஹார்ட் டிஸ்க் இரண்டு வாங்குங்கள். எக்ஸ்ஃபாட் அல்லது என்டிஎஃப்எஸ் முறையில் ஃபோர்மட் செய்யுங்கள், ஃபாட்32 ஆக இருந்தால் 4 ஜிபிக்கு மேற்பட்ட ஐஎஸ்ஓ ஏறாது. ஒன்று வீட்டில். மற்றது கடலுக்குத் தள்ளி, வவுனியாவிலோ கொழும்பிலோ உறவுக்காரர் வீட்டில். 2004 டிசம்பரைப் பார்த்த ஊருக்கு இதற்கு விளக்கம் வேண்டியதில்லை. இவ்வளவையும் போன் டேட்டாவில் இணையத்துக்கு ஏற்ற நினைக்காதீர்கள், பக்கேஜ் தாங்காது. முக்கியமான ஏழெட்டு விசேஷங்களின் சுருக்கிய பதிப்பை மட்டும் ஏற்றுங்கள்.

காசு கொடுக்க வேண்டி வரக்கூடிய இடம் ஒன்றுதான். வட்டிலேயே பதிவு செய்யும் சிறிய கமராக்கள் ஒரு காலம் வந்தன. அந்த 8 சென்ரிமீற்றர் வட்டுகளைக் கடைசியில் ஃபைனலைஸ் செய்யாமல் (பதிவை மூடி முடிக்காமல்) விட்டிருந்தால் கொம்பியூட்டர் வெற்று வட்டு என்றே காட்டும். கமரா இன்னும் உயிரோடு இருந்தால் அதில் போட்டு ஃபைனலைஸ் செய்வது சுலபம். இல்லையென்றால் ஐசோபஸ்டர் என்ற மென்பொருள். உள்ளே என்ன மிஞ்சியிருக்கிறது என்று பணம் கட்டும் முன்பே அது காட்டும். உங்கள் வீடியோ அந்தப் பட்டியலில் தெரிந்தால் மட்டும் உரிமம் வாங்குங்கள்.