ரூல்ஸே தெரியாம போய் நின்ன எனக்கு ஆபர்ன் 2013 சீசன் என்ன குடுத்துச்சு

"அமெரிக்காவுக்கு எம்.எஸ் படிக்கப் போறேன், அங்க காலேஜ் ஃபுட்பால் சீசன் வந்துட்டா ஊரே அதுவே கதின்னு கெடக்குமாமே, ரூல்ஸ் கூட தெரியாத நமக்கு அதுல என்ன இருக்கு, டைம் வேஸ்ட்தானே?"ன்னு கேட்டிருக்கீங்க. இந்தக் கேள்விய பாத்துட்டு சும்மா போக முடியல, அதான் எழுதறேன். நம்ம ஊர் கால்பந்து இல்ல இது, பந்த கையில புடிச்சிட்டு ஓடற அமெரிக்கன் ஃபுட்பால்.

நீங்க இப்ப விசா, லோன், பெட்டி எத்தன கிலோன்னு ஓடிட்டு இருப்பீங்க, இதெல்லாம் உங்களுக்கு ரொம்ப தூரமா தெரியும். எனக்கும் அப்படித்தான் இருந்துச்சு. 2012 ஆகஸ்ட்ல அலபாமா மாநிலத்துல இருக்கிற ஆபர்ன் யுனிவர்சிட்டிக்குப் போனேன். அந்த வருஷம் டீம் மூணு மேட்ச் ஜெயிச்சு ஒம்போது தோத்துச்சு, கடைசி மேட்ச்ல பரம எதிரியான அலபாமா யுனிவர்சிட்டிகிட்ட 49-0. கோச்ச அனுப்பிட்டாங்க. ஊரே எழவு வீடு மாதிரி இருந்துச்சு, எனக்கு மட்டும் ஒண்ணுமே தோணல.

உண்மையச் சொன்னா அப்ப எனக்கு எதுவும் தோணுற நெலமை இல்ல. ரெண்டாவது செமஸ்டருக்கு லோன் பணம் வரணும். ஊர்ல ஒரு பேங்க், பேர் வேணாம், ஏற்கெனவே குடுத்த அதே பேப்பர்ஸ திரும்பத் திரும்ப கேட்டு எங்கப்பாவ ஆறு தடவ நடக்க வெச்சாங்க. ரிட்டயர்ட் ஆன மனுஷன், காலைல பத்து மணிக்குப் போனா மூணு மணி வரைக்கும் அந்த பிளாஸ்டிக் சேர்ல உக்காந்திருப்பாரு, "சார் மீட்டிங்ல இருக்காரு, நாளைக்கு வாங்க"ம்பாங்க. கடன் குடுக்கறது தர்மம் இல்ல, வட்டியோட திருப்பித் தரோம், அதுக்கு ஏன் ஒரு பெரியவர இப்படி காக்க வைக்கணும்? முழுசா அடைச்சு முடிச்சிட்டேன், இன்னிக்கும் அந்த பேங்க் போர்ட பாத்தா வயிறு எரியுது. கேள்விக்கு சம்பந்தமில்லாததுதான், மன்னிச்சிக்கோங்க, ஆனா லோன்ல போறவங்க செமஸ்டருக்கு ரெண்டு மாசம் முன்னாடியே ஆரம்பிச்சிருங்க.

சீசனுக்கு வரேன். 2013ல கஸ் மல்சான் கோச்சா வந்தாரு. குவார்ட்டர்பேக், அதாவது பந்த எறிஞ்சு ஆட்டத்த நடத்தற ஆளு, நிக் மார்ஷல், அதுக்கு முன்னாடி ஜார்ஜியா யுனிவர்சிட்டியில டிஃபென்ஸ் ஆடுன பையன். செப்டம்பர்ல எல்எஸ்யூ (லூசியானா ஸ்டேட் யுனிவர்சிட்டி)கிட்ட 35-21ன்னு தோத்தாங்க, அப்புறம் ஜெயிச்சிட்டே வந்தாங்க. லேப்ல பக்கத்து சீட் பையன் அந்த ஊர்க்காரன், அவன்தான் எனக்கு ரூல் சொல்லிக் குடுத்தான். நாலு சான்ஸ், அதுக்குள்ள பத்து யார்டு முன்னேறணும், முன்னேறிட்டா மறுபடி நாலு சான்ஸ். இவ்ளோதான், மத்ததெல்லாம் பாக்கப் பாக்க வந்துரும், பயப்படாதீங்க.

நவம்பர் 16, ஜார்ஜியா மேட்ச். டிக்கெட் கெடைக்கல, லேப்ல சிமுலேஷன் ஓட விட்டுட்டு லேப்டாப்ல ஸ்ட்ரீம் பாத்துட்டு இருந்தேன். ஜோர்டன்-ஹேர் ஸ்டேடியம் கேம்பஸுக்கு நடுவுலயே இருக்கு, 87,000 பேருக்கு மேல உக்காரலாம், ஜன்னல தொறந்தா சத்தம் அப்படியே உள்ள வரும். கடைசி குவார்ட்டர்ல 37-17ன்னு முன்னாடி இருந்த எங்க டீம் 38-37ன்னு பின்னாடி போயிருச்சு. கடைசி சான்ஸ், பதினெட்டு யார்டு வேணும், 36 செகண்ட்தான் பாக்கி. என் ஸ்கிரீன்ல பால் இன்னும் கையவிட்டே கெளம்பல, ஜன்னல் வழியா ஒரு சத்தம் வந்துச்சு பாருங்க, மேஜை மேல இருந்த ஸ்டீல் டம்ளர் அதிர்ந்துச்சு. ஸ்ட்ரீம் அர நிமிஷம் லேட்டுங்கறதே அப்பதான் எனக்கு உறைச்சுது. நடந்தது தெரிஞ்சிருச்சு, எப்படி நடந்துச்சுன்னு தெரியாம அந்த அர நிமிஷம் நான் மூச்சு விடல. மார்ஷல் எறிஞ்ச பந்த ரெண்டு ஜார்ஜியா டிஃபெண்டர்ஸ் தட்டி விட, அது மேல எம்பி எங்க ரிக்கார்டோ லூயிஸ் கையில விழுது, 73 யார்டு டச்டவுன் (பந்த எதிராளியோட கடைசிக் கோட்ட தாண்டி கொண்டு போறது), 43-38. அன்னிக்குதான் நான் அந்த ஊர்க்காரன் ஆனேன்.

ரெண்டு வாரம் கழிச்சு நவம்பர் 30, அலபாமாவோட அயர்ன் பௌல், ஆபர்னும் அலபாமாவும் வருஷா வருஷம் மோதற மேட்சுக்கு அதான் பேரு. தேங்க்ஸ்கிவிங் லீவ், இந்தத் தடவ டிக்கெட் இருந்துச்சு. அலபாமா நம்பர் ஒன், 2011, 2012 ரெண்டு வருஷமும் அவங்கதான் சாம்பியன். 32 செகண்ட் இருக்கும்போது எங்க சாமி கோட்ஸ் டச்டவுன் போட்டு 28-28. டைம் முடிஞ்சிருச்சு, ஓவர்டைம்னு நெனச்சோம். அலபாமா கோச் நிக் சேபன் விடல, இன்னும் ஒரு செகண்ட் இருக்குன்னு நடுவர்கிட்ட கேட்டு, ரீப்ளே பாத்து அந்த ஒரு செகண்ட வாங்கிட்டாரு. 57 யார்டு கிக், கோல்போஸ்ட் கம்பிங்களுக்கு நடுவுல போயிட்டா அலபாமா ஜெயிச்சிரும். எங்க பக்கம் கிரிஸ் டேவிஸ்னு ஒருத்தர கோல்போஸ்ட் கிட்ட நிறுத்துனாங்க. ரூல் என்னன்னா, கிக் தூரம் பத்தாம உள்ள விழுந்தா அத புடிச்சிட்டு ஓடலாம். கிக் பண்ற டீம்ல அப்ப கிரவுண்டுல நிக்கறது பெரும்பாலும் தடுத்து நிக்கற முந்நூறு பவுண்டு ஆளுங்க, அவங்களால வெரட்டிப் புடிக்க முடியாது. பந்து பத்தல. டேவிஸ் எண்ட்சோனுக்குள்ள, அதாவது கடைசிக் கோட்டுக்கு பின்னாடி இருக்கிற எடத்துல, ஒம்போது யார்டு ஆழத்துல புடிச்சு எடது ஓரமா ஓடுனாரு. எனக்கு முன்னாடி ஆறடிக்கு மேல ஒருத்தன் ஷேக்கர, அதான் டீம் கலர்ல இருக்கிற தாள் கொத்த, ஆட்டிட்டு நின்னான், அந்த ஆரஞ்சு நீலத் தாளுங்க நடுவுலதான் நான் பாத்தேன், வெள்ளக் கோடு ஓரமா நீல சட்டை ஒண்ணு போகுது, பின்னாடி யாருமே இல்ல. அந்தக் கோடி வரைக்கும் ஓடி டச்டவுன், 34-28. முடிஞ்சிது.

அப்புறம் டூமர்ஸ் கார்னர், கேம்பஸ் பக்கத்துல இருக்கிற ஒரு தெரு முனை. ஜெயிச்சா அங்க இருக்கிற ஓக் மரங்க மேல டாய்லெட் பேப்பர் ரோல எறியறது அந்த ஊர் வழக்கம். 2010 மேட்ச் தோத்த ஆத்திரத்துல அலபாமா ரசிகர் ஒருத்தர் அந்த மரங்களுக்கு களைக்கொல்லி ஊத்திட்டாரு, 2013 ஏப்ரல்ல வெட்டி எடுத்துட்டாங்க. அதனால கம்பி கட்டி அதுல எறிஞ்சிட்டு இருந்தாங்க. எழுபது வயசிருக்கும் ஒரு பாட்டி, முன்ன பின்ன தெரியாது, கண்ணெல்லாம் தண்ணி, என் கையில ஒரு ரோல திணிச்சு "நீயும் எறிப்பா"ன்னாங்க. ஒண்ணேகால் வருஷத்துல அந்த ஊர்ல என்னைய "நீயும்"னு சொன்ன முதல் ஆள் அவங்கதான். எங்கம்மாவுக்கு போன் போட்டேன், அங்க விடிகாலை நேரம், "என்னடா, என்னாச்சு, ஏன் அழுவுற"ன்னு பதறிட்டாங்க.

உடனே "ரெண்டு வருஷத்துல வெள்ளக்காரன் ஆயிட்டான்"னு கமெண்ட் போட வருவீங்க, தெரியும். நான் கிரிக்கெட்டும் பாக்கறேன், கபடியும் பாக்கறேன். இதுல அசிங்கமான பக்கமும் இருக்கு, இல்லைங்கல. அதே மேட்ச்ல முன்னாடி கிக் மிஸ் பண்ண அலபாமா பையனுக்கு கொலை மிரட்டல் வந்துச்சு. தலையில அடிபட்டு வாழ்க்க முழுக்க கஷ்டப்படறவங்க இருக்காங்க. கோச்சுக்கு கோடிக்கணக்குல சம்பளம், அப்ப ஆடுன பசங்களுக்கு ஸ்காலர்ஷிப்தான், விளம்பரத்துல சம்பாதிக்கவே 2021லதான் விட்டாங்க. இதெல்லாம் தெரிஞ்சுதான் பேசறேன்.

"கடைசில ஃபைனல்ல தோத்தாங்கதானே"ன்னும் சிலர் சொல்லுவாங்க. ஆமா, தோத்தாங்க. ஜனவரி 6, ஃப்ளோரிடா ஸ்டேட்டோட, 21-3ன்னு முன்னாடி இருந்து, 13 செகண்ட் இருக்கும்போது டச்டவுன் வாங்கி 34-31. முந்தின வருஷம் 3-9 இருந்த டீம் 12-2ல முடிச்சாங்க, அத தோல்வின்னு சொல்றவங்ககிட்ட எனக்கு பேச்சு இல்ல.

அதனால டைம் வேஸ்ட்டான்னு கேட்டா, என்னைப் பொறுத்தவரைக்கும் இல்ல. நிறைய எடத்துல ஸ்டூடண்ட் டிக்கெட் சீசன் தொடங்கறதுக்கு முன்னாடியே தீந்துரும், யுனிவர்சிட்டி மெயில ஜூலைலருந்தே பாத்துட்டு இருங்க. முதல் மேட்ச் சும்மா உள்ளூர்ல நடக்கறதா பாத்து, ரூல் தெரிஞ்ச ஒருத்தர் பக்கத்துல உக்காருங்க. எந்த யுனிவர்சிட்டின்னு கீழ சொல்லுங்க, அந்த டீம் எப்படி, யார் அவங்களுக்கு எதிரின்னு எனக்குத் தெரிஞ்சத சொல்றேன். அலபாமாவா இருந்தாலும் சொல்லுவேன்.