டிரம்ஸில் 7/8-ல் ஃபில் வாசித்தால் அடுத்த ‘ஒன்று’ தவறுகிறது. எப்படிப் பயிற்சி செய்வது?

கோத்தகிரியில் சுவரோடு சுவர் ஒட்டிய வீடு, 4/4-ம் 6/8-ம் கைக்கு வந்தாயிற்று, 7/8-ல் (ஒரு பாருக்கு, அதாவது ஒரு தாளச் சுற்றுக்கு, ஏழு எட்டாம் நோட்) பீட் நிற்கிறது, ஃபில் (பீட்டுக்கு நடுவே வரும் அலங்கார வாசிப்பு) போனால்தான் அடுத்த பாரின் முதல் தட்டான ‘ஒன்று’ இடறுகிறது என்று கேட்டிருக்கிறீர்கள்.

நாலில் பழகிய கை, ஏழு முடிந்ததும் இன்னொரு தட்டு சேர்த்து எட்டாக்கிவிடும். அதற்குப் பயந்து கடைசி மூன்றை ஓட்டினால், ஒன்று சீக்கிரம் வந்து விழும். ‘ஒன்று, இரண்டு, மூன்று’ என்று எண்ணுவதை முதலில் நிறுத்துங்கள். தமிழ் எண்கள் ஒரே நீளம் இல்லை. வேகம் கூடினால் நாக்கே தாளத்தை உடைக்கும். 2+2+3-க்கு ‘தக தக தகிட’ என்று சொல்லுங்கள், ஓர் அட்சரத்துக்கு ஒரு எட்டாம் நோட். கர்நாடக இசையின் ஏழு எண்ணிக்கைத் தாளமான மிஸ்ர சாபு கேட்டு வளர்ந்தவர்கள் கவனிக்கவும்: அது ‘தகிட தகதிமி’, மூன்று முன்னால் வரும். பாட்டு எந்தப் பிரிவில் போகிறதோ அதையே வாய் சொல்ல வேண்டும்.

மூன்று பார் பீட், நாலாவது பார் கை சும்மா, வாய் மட்டும் சொல்லட்டும். அடுத்த ஒன்றில் கிக்கும் (காலால் அடிக்கும் பெரிய டிரம்) கிராஷும் (ஓங்கி அடிக்கும் சிம்பல்). வெறும் பாரைத் தாண்டிச் சரியாக இறங்க முடியாதவருக்கு ஃபில் நிற்காது. இது வந்தபின் கடைசி ‘தகிட’வில் மட்டும் ஆறு பதினாறாம் நோட் (எட்டாம் நோட்டில் பாதி) போடுங்கள். அப்புறம்தான் முழு பார்.

முழு பாருக்கு 14 நோட். அதை 4+4+6 ஆகப் பிரித்தால் இரண்டு பாரடிடில், ஒரு பாரடிடில்-டிடில் (கை மாற்றும் வரிசைகளின் பெயர்கள்): வ இ வ வ, இ வ இ இ, வ இ வ வ இ இ. (வ வலது, இ இடது.) கடைசி இரண்டு தட்டும் இடது கை என்பதால், அந்த நேரத்தில் வலது கை ஃப்ளோர் டாமிலிருந்து (தரையில் நிற்கும் பெரிய டாம் டிரம்) கிராஷுக்குப் போய்விடும். ஒவ்வொரு கூட்டத்தின் முதல் தட்டுக்கு மட்டும் அழுத்தம். முதலில் எல்லாம் ஸ்னேரில் (நடுவில் இருக்கும் முக்கிய டிரம்). பிறகு ஸ்னேர், டாம், ஃப்ளோர் டாம் என்று நகர்த்துங்கள்.

பயிற்சி பேடில் அழகாக வரும் டபுள் (ஒரே கையில் இரண்டு தட்டு) ஃப்ளோர் டாமில் மங்கிப்போகும். தோல் தளர்வு, குச்சி திரும்பி எழும்பாது. மடித்த கம்பளிமேல் தினமும் ஐந்து நிமிடம் ‘வ வ இ இ’ போட்டால் இரண்டாவது தட்டுக்கு விரல் பலம் வரும், பக்கத்து வீட்டுக்கும் கேட்காது. மார்கழிக் காலையில் விரல் விறைத்துக் குச்சியை இறுக்கிப் பிடிக்கும்; சூடேறும்வரை ஒற்றைத் தட்டு மட்டும் போதும்.

தாளம் தட்டும் கருவியான மெட்ரோனோமை எட்டாம் நோட்டுக்கு நிமிடத்துக்கு 100-ல் வையுங்கள். எட்டு தடவை தொடர்ந்து சுத்தமாக வந்தால் மட்டும் 4 கூட்டுங்கள். 120 தாண்டியதும் கிளிக்கைக் கால் நோட்டுக்கு (இரண்டு எட்டாம் நோட்டுக்கு ஒரு கிளிக்), அதாவது 60-க்கு, மாற்றுங்கள். முதல் பாரில் 1, 3, 5, 7-ல் கிளிக் விழும், அடுத்த பாரில் 2, 4, 6-ல். இரண்டு பாருக்கு ஒருமுறைதான் ஒன்றில் சேரும். இங்கே ஹை-ஹாட்டை (மிதியால் மூடித் திறக்கும் ஜோடி சிம்பல்) மிதிக்கும் கால் தடுமாறி ஏழை எட்டாக்கப் பார்க்கும். கால் கிளிக்கோடே போகட்டும், வாய் ‘தக தக தகிட’வை விடாதிருக்கட்டும்.

5/8-க்கு 10 நோட்: வ இ வ வ இ இ, வ இ வ இ. கடைசி நாலில் பாரடிடில் போட்டால் அடுத்த ஒன்று இடது கையில் வந்து மாட்டும். அங்கே ஒற்றைத் தட்டுதான் நல்லது.