டிஸ்கஸ் தொட்டி ஹீட்டருக்கு எந்த சென்சார்?

கேள்வி: கொளத்தூரில் மாடிக் கொட்டகையில் 150 லிட்டர் கண்ணாடித் தொட்டிகளில் டிஸ்கஸ் மீன் வளர்க்கிறேன். தண்ணீரை 28 டிகிரியில் வைத்திருக்கத் தொட்டிக்கு ஒரு 300 வாட் ஹீட்டரும் கன்ட்ரோலரும் மாட்டியிருக்கிறேன். போன வாரம் மாலையில் ஒரு தொட்டிக்குத் தண்ணீர் மாற்றினேன். காலையில் பார்த்தால் குஞ்சுகள் அத்தனையும் செத்து மிதந்தன. கண்ணாடி வெப்பமானியில் 37 டிகிரி, கன்ட்ரோலரிலோ 24. சென்சாரை மாற்ற வேண்டும், நம்பகமானது எது?

பதில்: உங்கள் சென்சார் கெட்டிருக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை. தண்ணீர் மாற்றும்போது வெளியே எடுத்துப் போட்டதைத் திரும்பத் தொட்டிக்குள் இறக்க மறந்திருப்பீர்கள். கொட்டகைக் காற்றின் வெப்பத்தை அது 24 என்று சரியாகவே காட்டியிருக்கிறது. 28 வரும்வரை ஹீட்டரை நிறுத்தாதே என்பது கன்ட்ரோலருக்கு நீங்களே இட்ட கட்டளை. நொறுக்கிய பனிக்கட்டியில் சிறிது தண்ணீர் விட்டு, கலக்கி, சென்சாரை அதில் வைத்துப் பாருங்கள். சில நிமிடங்களில் பூஜ்யத்தை ஒட்டி நின்றால் அதைத் தூக்கி எறிய வேண்டாம்.

புதிதாகத்தான் வாங்குவேன் என்றால், துருப்பிடிக்காத எஃகு உறையில் வரும் டி.எஸ்.18பி20 என்ற டிஜிட்டல் சென்சார் போதும். அசல் சில்லில் பிழை அரை டிகிரிக்குள் இருக்கும்; சந்தையில் போலிகள் மலிந்திருப்பதால் பனிக்கட்டிச் சோதனையை அதற்கும் செய்யுங்கள். இரு உலோகக் கம்பிகளை இணைத்துச் செய்யும் கே வகை தெர்மோகப்பிள் சென்சார் இரண்டு டிகிரிவரை தவறக்கூடும் என்பதால் மீன் தொட்டிக்கு உதவாது. பெரும்பாலான சென்சார்களில் முதலில் நீர் கசிவது ஒயர் உறைக்குள் நுழையும் இடத்தில்தான். அங்கே எபாக்சி பசை பூசிவிடுங்கள்.

ஆனால் நீங்கள் கேட்டிருக்க வேண்டிய கேள்வி, சென்சாரோ, ஹீட்டருக்கு மின்சாரத்தை விட்டு நிறுத்தும் சுவிட்சான ரிலேயோ தவறினால் ஹீட்டர் என்ன செய்யும் என்பது. பல கன்ட்ரோலர்களில் இருப்பது, குளிரக் குளிர மின்தடை ஏறும் தெர்மிஸ்டர் வகை சென்சார். அதன் ஒயர் அறுந்தால் மின்தடை எல்லையின்றி ஏறும். மலிவான கருவி அதைக் கடுங்குளிர் என்று புரிந்துகொண்டு ஹீட்டரை விடாமல் ஓட்டும். சென்னையின் மின்னணுச் சந்தையான ரிச்சி தெருவில் வாங்கும்போது, கன்ட்ரோலர் ஓடிக்கொண்டிருக்கையில் சென்சாரைப் பிடுங்கச் சொல்லுங்கள். ரிலே உடனே ஹீட்டரை அணைத்துவிட வேண்டும். அதைச் செய்துகாட்டத் தயங்குகிற கடையில் வாங்காதீர்கள்.

எவ்வளவு நல்ல சென்சாராக இருந்தாலும் ரிலே முனைகள் ஒட்டிக்கொண்டால் அதனால் ஒன்றும் செய்ய முடியாது. அதனால்தான் பெரிய ஹீட்டரே கூடாது என்கிறேன். 150 லிட்டர் தண்ணீரை ஒரு டிகிரி உயர்த்த ஏறத்தாழ 175 வாட்-மணி ஆற்றல் வேண்டும். வெப்ப இழப்பைக் கணக்கில் எடுக்காவிட்டால் 300 வாட் ஹீட்டருக்கு அது 35 நிமிட வேலை. ஓர் இரவு போதும், தொட்டி கொதிநீர் அண்டாவாகிவிடும். சூடு ஏற ஏறத் தண்ணீரில் கரைந்த ஆக்சிஜனும் குறையும். மார்கழி இரவுகளில்கூட 20 டிகிரிக்குக் கீழே இறங்குவது அரிதான சென்னையில் இத்தனை வாட் எதற்கு? சீக்கிரம் சூடாகும் என்று சொல்லி 300 வாட்டைத் தலையில் கட்டுகிற வியாபாரி, மீன் செத்தால் அடுத்ததாக உங்களுக்கு சென்சார் விற்பார்.

தொட்டியின் மூன்று பக்கமும் தெர்மாக்கோல் ஒட்டி, மேலே மூடி போட்டு, 75 வாட்டில் இரண்டு ஹீட்டர் வையுங்கள். ஒன்று கன்ட்ரோலரில் ஓடட்டும்; மற்றொன்று தன் சொந்த வெப்பத் திருகியில் 27 டிகிரியில் நிற்கட்டும். ஒன்று அணையாமல் ஓடினாலும் தண்ணீர் மெல்லத்தான் சூடேறும்; ஓர் இரவில் சில டிகிரிக்கு மேல் ஏறாது. ஒன்று எரியாமல் போனால் மற்றது ஓரளவு தாங்கும். கன்ட்ரோலரில் மாட்டிய ஹீட்டரின் திருகியைப் பலரும் கடைசி எண்ணுக்குத் திருப்பி விடுகிறார்கள். அதை 30-இல் வைத்தால் செலவில்லாத இரண்டாவது காவல் கிடைக்கும்.

சென்சாரை ஹீட்டருக்கு எதிர்முனையில், தண்ணீரின் நடு ஆழத்தில் கிளிப் போட்டு நிறுத்துங்கள். ரப்பர் உறிஞ்சி நாளடைவில் கழன்றுவிடும். தண்ணீர் மாற்றும்போது ஹீட்டரின் பிளக்கையே பிடுங்கிவிடுங்கள். கொட்டகைக்கு மின்கசிவு 30 மில்லி ஆம்பியரை எட்டினால் மின்சாரத்தைத் துண்டிக்கும் பாதுகாப்புக் கருவி இல்லையென்றால், சென்சாருக்கு ஒதுக்கிய பணத்தில் முதலில் அதை வாங்குங்கள்.