புதுக் கம்ப்யூட்டர்: சூடு எங்கே, கோளாறு எங்கே?

புதிதாக அசெம்பிள் செய்த கம்ப்யூட்டர் அதிகம் சூடாவது, தானாக அணைவது, பாதியில் உறைந்து நிற்பது பற்றி வந்த கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறோம். கேள்வி அனுப்பிய பலரும் டிகிரியை மட்டும் எழுதியிருக்கிறார்கள். அறை வெப்பம், பிராசசர் அந்த நேரத்தில் இழுத்த வாட், ஓடிய கிகாஹெர்ட்ஸ் ஆகியவையும் தெரிந்தால்தான் அந்த டிகிரிக்குப் பொருள் உண்டு.

கேள்வி: ஏஎம்டி ரைசன் 7 7700எக்ஸ் பிராசசர், 240 மி.மீ. லிக்விட் கூலர். வீடியோ ரெண்டர் போட்டால் 95 டிகிரிக்குப் போய் அங்கேயே நின்றுவிடுகிறது. கூலரை மாற்ற வேண்டுமா?

அவசரப்பட வேண்டாம். 2022இல் வந்த ரைசன் 7000 வரிசையின் எக்ஸ் மாடல்களுக்கு 95 டிகிரிதான் எல்லை. அதைத் தொட்டதும் பிராசசர் தானே வேகத்தையும் வோல்டேஜையும் சற்றுக் குறைத்து அங்கேயே நிற்கும். கூலரில் மிச்சம் இருக்கும் திறனை முழுக்கப் பயன்படுத்திக்கொள்ளும்படிதான் ஏஎம்டி இதை வடிவமைத்திருக்கிறது. ஆகவே 95 என்ற எண்ணை மட்டும் வைத்து எதுவும் சொல்ல முடியாது.

சூடு, வாட், வேகம் எல்லாம் காட்டும் எச்டபிள்யூ இன்ஃபோ சாஃப்ட்வேரைத் திறந்து, ரெண்டர் ஓடும்போது ‘சிபியு பிபிடி’ (பிராசசர் இழுக்கும் வாட்) என்ற வரியைப் பாருங்கள். 7700எக்ஸ் பிராசசருக்கு அதன் உச்சம் 142 வாட். 130 வாட்டுக்கு மேல் இழுத்து, எல்லா கோர்களும் 5 கிகாஹெர்ட்ஸை ஒட்டி ஓடினால் கூலர் தன் வேலையைச் செய்கிறது. 95 டிகிரியிலேயே 90, 100 வாட்தான் காட்டுகிறது, வேகமும் 4.5 கிகாஹெர்ட்ஸ் பக்கம் இறங்குகிறது என்றால், கூலர் சரியாக உட்காரவில்லை அல்லது பம்ப் ஓடவில்லை.

எல்லாம் சரியாக இருந்தும் அந்தச் சூடு உறுத்தினால், பயாஸில் (ஆன் செய்ததும் திறக்கக்கூடிய மதர்போர்டின் செட்டிங்ஸ் திரை) ஈகோ மோடை ‘65 வாட்’ என்ற நிலையில் வையுங்கள். பிபிடி உச்சம் 88 வாட்டுக்கு இறங்கும். ரெண்டர் நேரம் கொஞ்சம் கூடும், கேமில் வித்தியாசம் தெரிவது அரிது. கோடையில் ஏசி இல்லாத அறையில் உட்கார்ந்து வேலை செய்பவர்களுக்கு இதையே பரிந்துரைப்போம். 7800எக்ஸ்3டி வைத்திருப்பவர்கள் கவனிக்க: உங்களுக்கு எல்லை 89 டிகிரி.

கேள்வி: சும்மா இருக்கும்போதே 38, 55, 42 என்று தாவுகிறது. ஃபேனும் விட்டுவிட்டு இரைகிறது.

ரைசனில் இது இயல்பு. ஏதாவது ஒரு சின்ன வேலை வந்தாலும் ஒரு கோர் நொடியில் உச்ச வேகத்துக்குப் போய்த் திரும்பும். காட்டப்படுவதோ சிப்பில் அந்தக் கணம் எந்த இடம் அதிகச் சூடோ அதன் அளவு. ஃபேன் அந்தத் தாவலைத் துரத்துவதுதான் பிரச்சினை. பயாஸின் ஃபேன் பகுதியில் ‘ஸ்டெப் அப் டைம்’ அல்லது ‘ஸ்மூத்திங்’ என்று இருப்பதை நான்கைந்து நொடியாக வையுங்கள். 60 டிகிரி வரை ஃபேன் வேகம் ஏறாதபடி அங்குள்ள வரைபடத்தின் கோட்டைத் தட்டையாக்குங்கள். இரைச்சல் நின்றுவிடும்.

கேள்வி: ஒரு சாஃப்ட்வேர் 41 என்கிறது, இன்னொன்று 53 என்கிறது, மூன்றாவது 127 டிகிரி காட்டிப் பயமுறுத்துகிறது. எதை நம்புவது?

மூன்றையும் ஒரே சமயத்தில் ஓட விடாதீர்கள். ஒரே சென்சார் சிப்பை இரண்டு புரோகிராம்கள் மோதிக்கொண்டு படித்தால் தப்பான எண்கள் வரும். ஒன்றை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

அதிலும் எந்த வரியைப் பார்க்கிறீர்கள் என்பது முக்கியம். ஏஎம்டிக்கு ‘டிசிடிஎல்/டிடை’, இன்டெலுக்கு ‘சிபியு பேக்கேஜ்’. இவை பிராசசரின் உள்ளே இருந்து வருபவை. வெறுமனே ‘சிபியு’ என்று மதர்போர்டு பகுதியில் இருப்பது பெரும்பாலும் சாக்கெட் பக்கத்து அளவு. மெதுவாக ஏறும், குறைவாகவே காட்டும். ‘ஆக்ஸ்டின்’ என்ற பெயரில் 127 டிகிரி வந்தால் அந்த முனையில் சென்சாரே இணைக்கப்படவில்லை என்று பொருள். மறந்துவிடலாம்.

பழைய ரைசனை வாங்கிப் போட்டவர்களுக்கு இன்னொரு குழப்பம் உண்டு. 1700எக்ஸ், 1800எக்ஸ் ஆகியவற்றின் ‘டிசிடிஎல்’ உண்மையான சூட்டைவிட 20 டிகிரி கூட்டிக் காட்டும். 2700எக்ஸில் 10 டிகிரி. ஃபேன் கட்டுப்பாட்டுக்காக ஏஎம்டியே சேர்த்தது அது. ‘டிடை’ வரிதான் நிஜம்.

பயாஸ் திரையில் 50 டிகிரி, விண்டோஸில் 38 என்று எழுதியவர்களும் கவலைப்பட வேண்டாம். பயாஸில் இருக்கும்போது பிராசசர் உறக்க நிலைக்குப் போவதில்லை, அதனால்தான் அந்த வித்தியாசம்.

கேள்வி: ஐ5-12400, பெட்டியோடு வந்த கூலர். ஸ்ட்ரெஸ் டெஸ்ட் தொடங்கிய இரண்டு மூன்று நொடியில் 100 டிகிரி.

எவ்வளவு சூடு என்பதைவிட எவ்வளவு வேகமாக ஏறுகிறது என்பதுதான் இங்கே துப்பு. நொடிகளில் எல்லையைத் தொட்டால் பிராசசருக்கும் கூலரின் அடிப்பகுதிக்கும் நடுவே தொடர்பு சரியில்லை. பத்துப் பதினைந்து நிமிடமாக மெல்ல மெல்ல ஏறினால் கேபினெட்டில் காற்றோட்டம் போதவில்லை. இரண்டாவதை உறுதி செய்ய, பக்கப் பலகையைக் கழற்றிவிட்டு அதே டெஸ்டைப் போட்டுப் பாருங்கள். சூடு நன்றாக இறங்கினால் குறை கேபினெட்டில்.

உங்கள் கதை முதல் வகை. இன்டெல் பெட்டிக் கூலரின் நான்கு பிளாஸ்டிக் பின்களில் ஒன்று பூட்டாமல் இருப்பது மிகச் சாதாரணமாக நடக்கும் தவறு. மேலிருந்து பார்த்தால் நான்கும் ஒரே மாதிரிதான் தெரியும். மதர்போர்டை வெளியே எடுத்து அடிப்பக்கம் பாருங்கள்: வெள்ளைக் கால்கள் இரண்டும் விரிந்து, நடுவில் கறுப்புக் குச்சி முழுதாக இறங்கியிருக்க வேண்டும். பின்னின் தலையிலுள்ள அம்புக்குறி கழற்றும் திசை. மாட்டும்போது எதிர்த்திசையில் கடைசிவரை திருப்பி வைத்துவிட்டு, எதிரெதிர் மூலைகளாக ‘க்ளிக்’ கேட்கும்வரை அழுத்துங்கள். ஸ்க்ரூ வைத்த கூலரிலும் இதே குறுக்கு வரிசைதான். ஒரு மூலையை முழுக்க முறுக்கிவிட்டு அடுத்ததற்குப் போனால் கூலர் சாய்ந்துவிடும்.

ஒரு முறை கழற்றினால் பழைய பேஸ்ட்டின் மேலேயே திரும்ப உட்கார வைக்கக் கூடாது, உள்ளே காற்றுக்குமிழி மாட்டும். ஐசோபுரொபைல் ஆல்கஹாலில் இரு பக்கமும் துடைத்து, நடுவில் பட்டாணி அளவு வையுங்கள். அகலமான பிராசசராக இருந்தால் குறுக்காக எக்ஸ் வடிவில் கோடு போடுங்கள். பேஸ்ட் கொஞ்சம் கூடினால் கேடில்லை, ஓரங்களுக்குப் போய்ச் சேராவிட்டால்தான் கெடுதி. தனியாக வாங்கிய கூலர் என்றால் அடிப்பகுதியில் ஒட்டியிருக்கும் பிளாஸ்டிக் தாளை உரித்தீர்களா என்று முதலில் பாருங்கள். இப்படி வரும் புகார்களில் அதுவும் அடிக்கடி காரணமாக இருக்கிறது.

ஏஎம்4 சாக்கெட்காரர்கள் கூலரை நேராக மேலே இழுக்கக் கூடாது. இறுகிய பேஸ்ட் பிராசசரையும் சேர்த்துப் பிடுங்கிவிடும், பின்கள் வளையும். சில நிமிடம் டெஸ்ட் ஓட்டிச் சூடாக்கி, அணைத்து, மின்இணைப்பைப் பிடுங்கிய பிறகு கூலரை இடமும் வலமுமாகத் திருகித் திருகிக் கழற்றுங்கள்.

லிக்விட் கூலரில் இப்படி நடந்தால் பயாஸில் பம்பின் ஆர்பிஎம் பாருங்கள். சுழியம் என்றால் வயர் மாட்டவில்லை. ஒரு குழாய் கொதித்து மற்றது குளிர்ந்திருந்தால் நீர் ஓடவில்லை. பம்ப் இணைப்பை எப்போதும் முழு வேகத்தில் வையுங்கள்.

கேள்வி: ரைசன் 5 7600, டிடிஆர்5-6000 ரேம் 16 ஜிபி வீதம் நான்கு. சூடு 65ஐத் தாண்டுவதில்லை. ஆனாலும் கேம் வெளியே தள்ளுகிறது. நீலத்திரை வந்தால் ஒவ்வொரு முறையும் வேறு காரணம் சொல்கிறது.

சூட்டை விட்டுவிடுங்கள். சூடு அதிகமானால் பிராசசர் முதலில் வேகத்தைக் குறைக்கும், அதையும் மீறினால் சட்டென்று அணையும். காரணம் மாறி மாறி வரும் நீலத்திரை, பெரிய ஜிப் ஃபைலை விரிக்கும்போது பிழை, பிரவுசர் டேப் தானாகச் செத்துப்போவது என்பவை ரேமைத்தான் சுட்டுகின்றன.

ரேம் பெட்டியில் 6000 என்று அச்சிட்டிருப்பது பயாஸில் எக்ஸ்போ என்ற ரேம் வேக செட்டிங்கை ஆன் செய்தால் கிடைக்கும் வேகம். அது ஓவர்கிளாக், அதாவது உறுதி தந்த வேகத்துக்கு மேல் ஓட்டுவது. ரைசன் 7000க்கு ஏஎம்டி உறுதி தருவது இரண்டு ரேம்களோடு 5200 வரை, நான்கு போட்டால் வெறும் 3600. ஆக, உங்கள் கம்ப்யூட்டரில் மெமரி கன்ட்ரோலரிடம் (பிராசசருக்குள் ரேமை இயக்கும் பகுதி) கேட்டிருப்பது மிக அதிகம். தனித்தனியாக வாங்கிய இரண்டு செட்களைக் கலந்திருந்தால் நிலைமை இன்னும் மோசம், மாடல் எண் ஒன்றாகவே இருந்தாலும் சரி.

முதலில் பயாஸைப் புதுப்பியுங்கள்; ரேம் ஒத்துழைப்பு அதில்தான் அதிகம் திருந்துகிறது. பின்பு எக்ஸ்போவை ஆஃப் செய்து ஒரு முழு நாள் வழக்கம்போல் பயன்படுத்துங்கள். கோளாறு நின்றுவிட்டால் குற்றவாளி யார் என்று தெரிந்துவிட்டது. இரண்டு ரேமைக் கழற்றிவிட்டு, மீதி இரண்டையும் பிராசசரிலிருந்து எண்ணி 2ஆம், 4ஆம் ஸ்லாட்டில் போட்டு எக்ஸ்போவைத் திரும்ப ஆன் செய்யுங்கள். மெம்டெஸ்ட்86ஐ யுஎஸ்பியிலிருந்து பூட் செய்து நான்கு சுற்றும் முடியவிடுங்கள். ஒரே ஒரு பிழை வந்தாலும் தோல்விதான், ‘ஒன்றுதானே’ என்று விடக் கூடாது. பிழை வந்தால் 5600க்கு இறக்கி மறுபடி ஓட்டுங்கள். எக்ஸ்போ இல்லாமலும் பிழை வந்தால் ஒரே ஸ்லாட்டில் ரேமை ஒவ்வொன்றாக மாற்றிப் போட்டுக் கெட்டதைக் கண்டுபிடித்து வாரண்டிக்கு அனுப்புங்கள்.

64 ஜிபி கட்டாயம் வேண்டுமென்றால் 32 ஜிபி இரண்டாக உள்ள ஒரே செட்டை வாங்குவதே சரி.

இதில் இரண்டு எச்சரிக்கைகள். ரேமை மாற்றிய பின் முதல் முறை ஆன் செய்தால் திரை பல நிமிடம் கறுப்பாகவே இருக்கும். மெமரி டிரெய்னிங் நடக்கிறது, அதாவது புது ரேமுக்கு ஏற்றபடி கம்ப்யூட்டர் தன்னைச் சரிசெய்துகொள்கிறது; பவரை நிறுத்தாதீர்கள். மெமரி கன்ட்ரோலர் பகுதிக்குப் போகும் எஸ்ஓசி வோல்டேஜை 1.3 வோல்ட்டுக்கு மேல் ஏற்றவே கூடாது. 2023 ஏப்ரலில் எக்ஸ்3டி பிராசசர்கள் சாக்கெட்டிலேயே கருகிய செய்திகள் வந்த பிறகு, ஏஎம்டி பயாஸ் வழியாகவே இந்த வரம்பைப் போட்டது. பழைய பயாஸில் அது இருக்காது.

ரேமைச் சரிசெய்த பிறகும் சில கோளாறுகள் தொடரலாம். கெட்ட ரேமோடு விண்டோஸ் இன்ஸ்டால் செய்திருந்தால் ஃபைல்களே சிதைந்திருக்கும், மீண்டும் புதிதாக இன்ஸ்டால் செய்துவிடுங்கள். மற்றொன்று, பிராசசரின் வோல்டேஜைக் குறைக்கும் கர்வ் ஆப்டிமைசர் செட்டிங்கில் மைனஸ் 30 என்று போட்டவர்களுக்கு: அந்தக் கோளாறு கனமான டெஸ்டில் வெளிப்படாது. சும்மா இருக்கும்போதுதான் ரீஸ்டார்ட் ஆகும், விண்டோஸின் பதிவேடான ஈவென்ட் வியூவரில் ‘வியா-லாகர் 18’ பதிவாகும். மைனஸ் 10க்கு வாருங்கள்.

கேள்வி: ஐ9-14900கே. கேம் தொடங்கும்போது ‘வீடியோ மெமரி போதவில்லை’ என்கிறது. கார்டில் 16 ஜிபி இருக்கிறது.

கிராஃபிக்ஸ் கார்டை மாற்றிச் செலவு செய்யாதீர்கள். 13, 14ஆம் தலைமுறை டெஸ்க்டாப் இன்டெல் பிராசசர்களில் 65 வாட்டும் அதற்கு மேலும் உள்ள மாடல்களைப் பிடித்த கோளாறின் அடையாளம் இது. அளவுக்கு மீறிய வோல்டேஜ் சிப்பின் உள்ளே ஒரு பகுதியை நாளடைவில் தேய்த்துவிடுகிறது. இன்டெல் 2024 ஆகஸ்டில் 0எக்ஸ்129, செப்டம்பரில் 0எக்ஸ்12பி, 2025இல் 0எக்ஸ்12எஃப் மைக்ரோகோடுகளை (பிராசசரின் உள் இயக்கத்துக்கான திருத்தங்கள்) தந்தது; இவை பயாஸ் அப்டேட்டோடு வரும்.

பயாஸைப் புதுப்பித்து, ‘இன்டெல் டிஃபால்ட் செட்டிங்ஸ்’ தேர்ந்தெடுங்கள். பவர் வரம்பு 253 வாட்டில் நிற்க வேண்டும், 4096 என்று இருந்தால் மதர்போர்டு வரம்பையே தூக்கிவிட்டிருக்கிறது. இதற்குப் பிறகும் பிழை வந்தால் சிப் ஏற்கெனவே கெட்டுவிட்டது. அப்டேட் இனிமேல் தேயாமல் காக்குமே தவிர, தேய்ந்ததைத் திருப்பித் தராது. பெட்டியில் விற்ற இந்தப் பிராசசர்களுக்கு இன்டெல் வாரண்டியை இரண்டு ஆண்டு நீட்டியிருக்கிறது, தயங்காமல் கேளுங்கள். செகண்ட்ஹேண்டில் இவற்றை வாங்குவதைத் தவிர்ப்பது நல்லது. 12ஆம் தலைமுறைக்கு இந்தப் பிரச்சினை இல்லை.

கேள்வி: நீலத்திரை எதுவும் இல்லை. சுவிட்சைத் தட்டியதுபோல் அணைந்து ரீஸ்டார்ட் ஆகிறது. ஈவென்ட் வியூவரில் ‘கெர்னல்-பவர் 41’. கரன்ட் போய் இன்வெர்ட்டருக்கு மாறும்போதும் அணைகிறது.

41 என்பது ‘முறைப்படி ஷட்டவுன் ஆகவில்லை’ என்ற தகவல் மட்டுமே, காரணத்தைச் சொல்வதில்லை. சூடு எல்லைக்குக் கீழே இருந்தால் மின்சாரப் பாதையைப் பாருங்கள். மதர்போர்டின் மேல் மூலையில் 8 பின் சிபியு இணைப்பு கடைசிவரை இறங்கியிருக்கிறதா? கிராஃபிக்ஸ் கார்டில் இரண்டு இணைப்பு இருந்தால், இரட்டைத் தலை வயர் ஒன்றால் சமாளிக்காமல் எஸ்எம்பிஎஸ்ஸிலிருந்து (கேபினெட்டுக்குள் மின்சாரம் தரும் பெட்டி) தனித்தனி வயர் போடுங்கள். கார்டு நொடியின் சிறு பகுதியில் இழுக்கும் உச்சத்தைத் தாங்காமல்தான் பல எஸ்எம்பிஎஸ்கள் தம்மைத் தாமே அணைத்துக்கொள்கின்றன. கார்டின் பவர் வரம்பை 70 சதவீதத்துக்கு இறக்கி, அணைவது நின்றால் சந்தேகம் எஸ்எம்பிஎஸ் மேல்தான்.

இன்வெர்ட்டர் விஷயம் வேறு. வீட்டு இன்வெர்ட்டரில் ‘யுபிஎஸ் மோட்’ சுவிட்ச் இருந்தால் அதில் வையுங்கள். சாதாரண மோடில் மாறும் நேரம் அதிகம். ஸ்கொயர் வேவ் வகை என்றால், ஆக்டிவ் பிஎஃப்சி (மின்சாரத்தைச் சீராக இழுக்கும் சர்க்யூட்) உள்ள இன்றைய எஸ்எம்பிஎஸ்களோடு அது ஒத்துப்போகாமல் போகலாம். கம்ப்யூட்டருக்கென்று தனியாக ஒரு சைன் வேவ் யுபிஎஸ் வாங்குங்கள். அதன் வாட் அளவைப் பார்த்து வாங்குங்கள், பெட்டியில் பெரிதாகப் போட்டிருக்கும் விஏ அளவை நம்பி அல்ல.