"5 மி.லி. என்று எழுதியிருக்கிறது, கொடு" என்கிறார் சீனியர்: என்ன செய்வது?

டாக்டர் குழந்தைக்கு பாராசிட்டமால் (காய்ச்சல் மருந்து) சிரப் 5 மி.லி. என்று எழுதியிருக்க, நர்ஸான நீங்கள் அதைக் கொடுக்கத் தயங்கியது சரிதான். குழந்தையின் எடை 8 கிலோ. பாராசிட்டமால் ஒரு வேளைக்கு கிலோவுக்கு 10 முதல் 15 மி.கி., அதாவது அதிகபட்சம் 120 மி.கி. உங்கள் வார்டில் இருப்பதோ 5 மி.லி.யில் 250 மி.கி. உள்ள சிரப். எழுதியபடி 5 மி.லி. கொடுத்தால் கிலோவுக்கு 31 மி.கி. போய்விடும். டாக்டர் 5 மி.லி.யில் 120 மி.கி. உள்ள சிரப்பை மனதில் வைத்து எழுதியிருக்கலாம். அந்த பாட்டிலில் 5 மி.லி. சரியான அளவு. மி.கி. எழுதாமல் மி.லி. மட்டும் எழுதுவதால் வரும் வினை இது.

டோஸை நிறுத்திவையுங்கள். எடையை இன்று மறுபடி பாருங்கள், பழைய சீட்டை நம்பாதீர்கள். டாக்டரை அழைத்து, "எடை 8 கிலோ, கையில் இருப்பது 250 சிரப், எத்தனை மி.கி. தரட்டும்?" என்று கேளுங்கள். சொன்னதைத் திருப்பிச் சொல்லி, மி.கி.யில் மாற்றி எழுத வையுங்கள். 120 மி.கி. என்றால் 2.4 மி.லி.; ஸ்பூன் வேண்டாம், வாய்வழி சிரிஞ்சில் எடுங்கள்.

நீங்களாகவே குறைத்துக் கொடுத்துவிட்டு 5 மி.லி. என்று கையெழுத்துப் போடாதீர்கள். பலர் செய்வதுதான், ஆனால் அது பொய்ப் பதிவு. அடுத்த ஷிப்டில் வருபவர் அதை நம்பி முழு 5 மி.லி. ஊற்றுவார்.

அம்மா கேட்டால், "அளவைச் சரிபார்க்கிறோம்" என்று உள்ளதைச் சொல்லுங்கள். சீனியர் மறுபடி வற்புறுத்தினால் வார்டு பொறுப்பாளரிடம் போங்கள். யாரிடம், எத்தனை மணிக்குச் சொன்னீர்கள் என்பதையும் குறித்துவையுங்கள்.

ஏற்கெனவே ஒரு டோஸ் 5 மி.லி. கொடுத்திருந்தால் உடனே டாக்டரிடம் சொல்லுங்கள். கல்லீரல் பாதிப்பு முதல் நாளில் வெளியே தெரியாமல் இருக்கலாம்.