சுண்டு விரல் மரத்துப்போனா முழங்கையைப் பாருங்க

சகோ, இடது கை சுண்டு விரலும் மோதிர விரல்ல பாதியும் மரத்துப்போகுது, காலையில எந்திரிக்கும்போது அதிகமா இருக்கு, சுகரா ஹார்ட்டான்னு பயந்து கேட்டிருக்கீங்க. நீங்க சொன்ன அந்த பாதி விரல்தான் முக்கியமான துப்பு. கட்டைவிரல்ல இருந்து நடுவிரல் வரைக்கும்னா மணிக்கட்டுல நரம்பு அழுந்துற கார்ப்பல் டனலா இருக்கலாம், ஆனா சுண்டு விரல் பக்கம் மட்டும்னா பெரும்பாலும் அல்நார் நரம்பு, முழங்கையை எங்கயாச்சும் இடிச்சுக்கிட்டா ஷாக் அடிச்ச மாதிரி சுர்ருனு விரல் வரைக்கும் ஓடுமே, அதே நரம்புதான். கையை மடக்கி தலைக்கு வச்சு தூங்குறது, போனை காதுல வச்சே ரொம்ப நேரம் பேசுறது, டேபிள்ல முழங்கையை ஊனிக்கிட்டு உக்கார்றது எல்லாமே அதை அழுத்தும். நைட்டு ஒரு துண்டை முழங்கையைச் சுத்தி லூசா கட்டிட்டு படுங்க, கை ரொம்ப மடங்காது.

ஒரு பேப்பரை கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவுல பக்கவாட்டுல இறுக்கிப் பிடிச்சுக்கிட்டு வீட்ல யாரையாச்சும் இழுக்கச் சொல்லுங்க. கட்டைவிரல் நுனி மடங்கினாலோ, புறங்கையில அந்த ரெண்டு விரலுக்கு நடுவுல இருக்குற சதை குழிஞ்சிருந்தாலோ தள்ளிப்போடாம நியூரோ டாக்டரப் பாருங்க, நரம்புல சிக்னல் சரியா ஓடுதான்னு பாக்குற நெர்வ் கண்டக்‌ஷன் டெஸ்ட் எடுப்பாங்க. சதை கரைஞ்சுட்டா திரும்ப வர்றது ரொம்ப கஷ்டங்க.

கழுத்துல நரம்பு அழுந்தினாலும் இதே விரல் மரக்கும், தலையைத் திருப்பும்போது கைக்கு வலி இறங்குதான்னு கவனிங்க. சுகர்னா பொதுவா முதல்ல பாதத்துலதான் ஆரம்பிக்கும், இருந்தாலும் சுகர், தைராய்டு, பி12 மூணும் ஒரு தடவை பாத்துடுங்க. நெஞ்சு அழுத்தம், வேர்வை, இல்ல திடீர்னு வாய் கோணுறது, பேச்சு குழர்றது இருந்தா மட்டும் ஒரு நிமிஷம்கூட யோசிக்காம எமர்ஜென்சிக்கு போங்க.